அடையாளத் திருட்டில் பறிபோவது யாருடைய பணம்?

2021-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எத்தனை அடையாளத் திருட்டுகள் நடந்தன என்று தேடினால் மூன்று விடைகள் கிடைக்கும். நுகர்வோர் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு வந்த புகார்கள் சுமார் 14 லட்சம். அந்நாட்டு நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு மக்களிடமே கேட்டு எடுத்த கணக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 2.39 கோடி பேர், இழப்பு 1,640 கோடி டாலர். ஜாவலின் என்ற தனியார் ஆய்வு நிறுவனமோ 4.2 கோடி பேர், 5,200 கோடி டாலர் என்றது.

மூன்றில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். செய்தித் தலைப்புக்கு இதில் எது பெரிய எண்ணோ அது போகும். வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது கூட இரண்டு சைபர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், இந்தக் குற்றம் எப்படி நடக்கிறது, பணம் யார் கையிலிருந்து போகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

அண்ணாச்சி கடை நோட்டு

தெருமுனை மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கிறார் முருகேசன். வாங்கும் சாமான் நோட்டில் ஏறும், சம்பளம் வந்ததும் தீர்ப்பார். ஒருநாள் முன்பின் தெரியாத பையன் ஒருவன் வந்து, "முருகேசன் அண்ணன் வாங்கிட்டு வரச் சொன்னாரு, கணக்குல எழுதிக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஐந்து கிலோ அரிசியும் இரண்டு லிட்டர் எண்ணெயும் வாங்கிப் போய்விடுகிறான்.

திருடு போனது யாருடைய பொருள்? கடைக்காரருடையது. முருகேசன் வீட்டிலிருந்து ஒரு மணி அரிசிகூடப் போகவில்லை. ஆனால் மாசக் கடைசியில் கேள்வி அவரிடம்தான் வரும். "நான் வாங்கவில்லை" என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். அண்ணாச்சி நல்லவராக இருந்தால் தன் நஷ்டமாக எழுதிக்கொள்வார். இல்லையென்றால் முருகேசன் கட்ட வேண்டும், அல்லது கடன்காரன் என்ற பெயரோடு தெருவில் நடக்க வேண்டும்.

அடையாளத் திருட்டு என்பதன் சட்டகம் இதுதான்: ஒருவருடைய பெயர், எண், கைரேகை போன்ற விவரங்களை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தி, மூன்றாவது ஆள் ஒருவரிடம் பணமோ பொருளோ சலுகையோ பெறுவது. ஏமாற்றப்படுபவர் ஒருவர், பெயர் கெடுபவர் இன்னொருவர். நஷ்டத்தை இந்த இருவரில் யார் சுமப்பது என்பதைத் திருடன் தீர்மானிப்பதில்லை. சட்டமும் வங்கி விதிகளும்தான் தீர்மானிக்கின்றன.

எண் தெரிந்தால் போதும் என்று ஆனது எப்படி

அண்ணாச்சிக்கு முருகேசனின் முகம் தெரியும், அதனால் அந்தப் பையனைக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். வங்கிக்கு நம் முகம் தெரியாது. அது நம்மிடம் இருக்கும் எண்களைத்தான் கேட்கிறது. நம் கடன் பழக்கமெல்லாம் பதிவாகியிருக்கும் இடம் கடன் தகவல் நிறுவனம், அதாவது யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று எல்லா வங்கிகளிடமிருந்தும் திரட்டி வைத்திருக்கும் நிறுவனம். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு உண்டு. பேச்சுவழக்கில் நான்குக்கும் சேர்த்தே "சிபில்" என்கிறோம்.

அமெரிக்காவில் இந்தப் பதிவுகளுக்கெல்லாம் திறவுகோல் சோஷியல் செக்யூரிட்டி எண். ஓய்வூதியக் கணக்குக்காக 1936-இல் கொடுக்கத் தொடங்கிய எண் அது. அடையாளத்துக்காக உருவாக்கப்பட்டதே இல்லை. 1946 முதல் 1972 வரை "அடையாளம் காட்ட அல்ல" என்று அட்டையிலேயே அச்சடித்தும் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1938-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பர்ஸ் கம்பெனி, பர்ஸுக்குள் அட்டை எப்படிப் பொருந்துகிறது என்று காட்ட மாதிரி அட்டை ஒன்றை வைத்து விற்றது. அதில் அச்சிட்டது தங்கள் அலுவலகச் செயலாளரின் உண்மையான எண். பர்ஸ் வாங்கியவர்கள் பலர் அதையே தங்கள் எண்ணாகப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 1943-இல் மட்டும் 5,755 பேர்! காலப்போக்கில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த எண்ணைத் தமதென்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் திருட நினைக்கவில்லை. ஆனால் ரகசியமும் இல்லாத, மாற்றவும் எளிதில்லாத ஒரு எண்ணைச் சாவியாக வைத்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கசிந்ததெல்லாம் திருட்டு ஆகாது

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. தரவுக் கசிவு என்றால் ஒரு நிறுவனம் சேர்த்து வைத்திருந்த மக்களின் விவரங்கள் வெளியாட்கள் கைக்குப் போவது. 2017-இல் ஈக்விஃபாக்ஸின் அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போயின. உடனே "14 கோடிப் பேரின் அடையாளம் திருட்டு" என்று எழுதினார்கள். விவரம் போனது உண்மை. அதை வைத்து அத்தனை பேர் பெயரிலும் கடன் வாங்கினார்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. அந்தக் கசிவுக்காக 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது. கிரெடிட் கார்டில் டிவி வாங்கும் கும்பலின் வேலையாக அது தெரியவில்லை.

அதற்காக அந்தக் கசிவு மலிவாகவும் முடியவில்லை. 2019-இல் செய்துகொண்ட சமரசத்தில் ஈக்விஃபாக்ஸ் குறைந்தது 57.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அது கசிவின் விலை. அடையாளத் திருட்டின் விலையோடு அதைக் கூட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

இதுவரை பார்த்தது: எண்களை வைத்து ஆளை அடையாளம் காணும் ஏற்பாடு, அந்த எண்கள் வெளியே போவது கசிவு, போன எண்ணை வைத்து உங்கள் பெயரில் யாரோ காரியம் சாதித்தால்தான் அடையாளத் திருட்டு.

பழைய கணக்கா, புதிய கணக்கா?

முருகேசனின் பழைய நோட்டில் அரிசி வாங்குவது ஒரு வகை. அடுத்த ஊரில் வேறொரு கடைக்குப் போய், முருகேசன் பெயரில் புதிதாக ஒரு கணக்கையே திறப்பது இன்னொரு வகை. முதலாவது மாசக் கடைசியில் தெரிந்துவிடும். இரண்டாவது, அந்தக் கடைக்காரர் வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் வரை தெரியாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு காட்டியது. பழைய கணக்கெடுப்புதான், ஆனால் இதைவிடத் தெளிவாக யாரும் பிரித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தைய ஓராண்டில் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடி பேர். வங்கிகளும் வணிகர்களும் இழந்தது 4,760 கோடி டாலர். தனிமனிதர்கள் கையிலிருந்து போனது 500 கோடி டாலர். அதாவது அண்ணாச்சிகளின் நஷ்டம், முருகேசன்களின் நஷ்டத்தைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

அந்த 1 கோடிப் பேரில் மூன்றில் ஒரு பங்கினர்தான் புதுக் கணக்கு வகையில் மாட்டியவர்கள். வணிகர்களின் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வகையில்தான் போயிருந்தது. பழைய கணக்கில் கை வைக்கப்பட்டவர்கள் அதைச் சரிசெய்யச் செலவழித்த நேரம் சராசரியாக 15 மணி நேரம். புதுக் கணக்குக்காரர்களுக்கு 60 மணி நேரம். எல்லோரும் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் 30 கோடி மணி நேரத்தை நெருங்கியது. இந்த நேரத்தை டாலராக மாற்றி எந்தத் தலைப்பும் போடுவதில்லை.

மூன்றாவது வகை, அரசாங்கமே அண்ணாச்சியாக ஏமாறுவது. அடுத்தவர் எண்ணில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, திரும்ப வரும் தொகையை வாங்கிக்கொண்டு போவது அமெரிக்காவில் ஒரு காலத்தில் தொழிலாகவே நடந்தது. 2013-இல் மட்டும் இப்படிப்பட்ட 2,420 கோடி டாலரைத் தடுத்ததாகவும், 580 கோடி டாலரைக் கொடுத்து ஏமாந்ததாகவும் அந்நாட்டு வரித்துறை மதிப்பிட்டது. கொரோனா காலத்தில் வேலையின்மை உதவித்தொகையில் நடந்தது இதைச் சின்னதாக்கிவிட்டது. அதில் மோசடியாகப் போனது 10,000 கோடியிலிருந்து 13,500 கோடி டாலர் வரை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. இதில் கணிசமான பங்கு, அடுத்தவர் பெயரில் போட்ட விண்ணப்பங்கள்.

யார் எண்ணினார்கள்?

சரி, ஆரம்பத்தில் சொன்ன மூன்று எண்களுக்கு வருவோம்.

14 லட்சம் என்பது புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கை. கார்டில் தெரியாத செலவு ஒன்று வந்தால் பெரும்பாலானவர்கள் வங்கிக்குப் போன் செய்வார்கள், வங்கி பணத்தைத் திருப்பித் தந்துவிடும், கதை முடிந்தது. அரசுக்குப் புகார் எழுத யார் உட்காருவார்கள்? ஆகவே புகார் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். 2.39 கோடி என்பது மாதிரிக் கணக்கெடுப்பு. 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் "கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு இப்படி நடந்ததா" என்று கேட்டது. பத்து டாலர் போய்த் திரும்பி வந்ததும் இதில் ஒன்று, வீட்டுக்கடன் அளவுக்கு மாட்டியதும் ஒன்று.

ஜாவலினின் 5,200 கோடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதில் 2,400 கோடி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கும் வகை. மீதி 2,800 கோடி, மோசடிக்காரனோடு நேரடியாகப் பேசி ஏமாந்து பணத்தையோ விவரத்தையோ தானே கொடுத்தவர்களுடையது. இரண்டும் துயரம்தான். ஆனால் இரண்டுக்கும் தடுப்பு வேறு, சட்டம் வேறு, பணம் திரும்பும் வாய்ப்பும் வேறு.

சட்டம் போடும் பங்கு

அமெரிக்காவில் உங்கள் கிரெடிட் கார்டில் வேறொருவர் செலவழித்தால் சட்டப்படி உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். திருடன் 5,000 டாலருக்கு வாங்கியிருந்தாலும் அதே 50தான். மீதியை வங்கியோ கடைக்காரரோ சுமக்க வேண்டும். டெபிட் கார்டு என்றால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாளுக்கும் மேல் சும்மா இருந்தால் அதற்குப்பின் போகும் பணத்துக்கு வரம்பே இல்லை. ஒரே திருடன், ஒரே தொகை, கார்டின் வகையும் நீங்கள் போன் செய்த நாளும் மாறினால் "இழப்பு" மாறிவிடுகிறது.

அதனால்தான் 2014-இல் அமெரிக்க நீதித்துறைக் கணக்கெடுப்பில், பாதிக்கப்பட்டவர்களில் சொந்தக் கையிலிருந்து ஒரு டாலராவது இழந்தவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் பாதிப்பேர் இழந்தது 100 டாலருக்குக் குறைவு. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் பிரச்சினையை முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் ஊதிப் பெரிதாக்கிய பயமா இது? அதுவும் இல்லை. சராசரி என்ற கணக்கு இங்கே நன்றாகவே ஏமாற்றும். பத்து பேரில் ஒன்பது பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் இழந்து, ஒருவர் 5 லட்சம் இழந்தால் சராசரி இழப்பு 50,900 ரூபாய். அந்தத் தொகையை இழந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடக் கிடையாது. பெரும்பாலானவர்களுக்குச் சின்ன எரிச்சல், ஒரு சிலருக்கு வருடக்கணக்கில் தலைவலி. அடையாளத் திருட்டின் உருவம் இப்படித்தான் இருக்கிறது, நடுத்தரமான பாதிப்பு இதில் அரிது.

சுருக்கமாக: திருடன் எடுத்த தொகை ஒன்று, நீங்கள் இழக்கும் தொகை வேறு. இரண்டுக்கும் நடுவில் சட்டமும், நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதும் இருக்கின்றன.

இந்தியாவில் எண்ணுவது என்ன?

2024-இல் சைபர் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 2023-இல் அது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இந்தத் தொகையை "அடையாளத் திருட்டால் போனது" என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியில்லை. பங்குச்சந்தை ஆசை காட்டியது, போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் மிரட்டியது எல்லாம் சேர்ந்த மொத்தம் அது. அவற்றில் மக்கள் தாங்களே பணத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போய் விழும் வங்கிக் கணக்கும், மிரட்டப் பயன்பட்ட சிம்மும் பல நேரம் வேறு யாரோ ஒரு அப்பாவியின் ஆதாரில் எடுத்தவையாக இருக்கும். அடையாளத் திருட்டு இங்கே மற்ற மோசடிகளுக்கு மூலப்பொருள் என்றே நான் நினைக்கிறேன். அதைத் தனியாகப் பிரித்து விலை போடுவது கடினம்.

எண்ணிக்கையிலும் அதே இடைவெளி. 2022-இல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் அதன் உதவி ஏற்பாடுகளுக்கும் வந்த சம்பவங்கள் 10.29 லட்சம். அதே ஆண்டு காவல்துறையின் பதிவேட்டில் வழக்காக ஏறியவை, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 65,893. அடையாளத் திருட்டுக்கென்றே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி பிரிவு இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இந்தியாவுக்கே உரிய ஒரு வகையைச் சொல்லாமல் விடக்கூடாது. கிராமங்களில் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி, விரலை வைத்தால் பணம் கிடைக்கும். ஓடிபி கேட்காது. ஏடிஎம் இல்லாத ஊர்களுக்கு மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சில மாநிலங்களில் பத்திரப்பதிவு ஆவணங்களின் நகல்களிலிருந்து கைரேகைகளைப் பிரதி எடுத்து, சிலிக்கானில் அச்சு வார்த்து, அதை வைத்துப் பணம் எடுத்தார்கள். கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆதார் செயலியில் கைரேகைப் பூட்டு என்ற வசதி இதற்காகத்தான், பயன்படுத்தாத நேரத்தில் பூட்டி வைக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் பொதுவாக ஒன்பது வரை அனுமதி உண்டு என்பதால் எட்டாவது சிம் யாருடையது என்று தெரியாமலேயே ஒருவர் இருந்துவிடலாம்.

நஷ்டப் பங்கீட்டுக்கு இங்கே ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைதான் அடிப்படை. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கு. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் நேரம்தான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால் முடக்கினால்தான் உண்டு.

நோட்டைத் திருத்தும் வேலை

பணம் எடுத்தது தெரிந்துவிடும், குறுஞ்செய்தி வரும். உங்கள் பான் எண்ணை வைத்து வேறொருவர் வாங்கிய கடன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பணம் போனது கடன் கொடுத்த நிறுவனத்தினுடையது, அது திருடன் கணக்குக்குப் போயிற்று. உங்கள் பெயரில் இருப்பது கட்டாத தவணை மட்டும். 2022 தொடக்கத்தில் ஒரு கடன் செயலியில் தங்கள் பெயரில் இப்படிக் கடன் இருப்பதைப் பலர் கண்டுபிடித்தது தற்செயலாகத் தங்கள் கடன் அறிக்கையைப் பார்த்தபோதுதான்.

இதன் விலை வட்டிக் கணக்கில் அடங்காது. வீட்டுக்கடன் மறுக்கப்படலாம், வட்டி விகிதம் கூடலாம், வேலையையும் தொடலாம். பாரத ஸ்டேட் வங்கியில் தேர்வான ஒருவரின் நியமனம் அவருடைய கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ரத்தானதை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றது. அவர் வாங்கியது அவரே வாங்கிய கடன்தான். ஆனால் அடுத்தவர் வாங்கிய கடனும் அதே பக்கத்தில், அதே எழுத்தில்தான் பதிவாகும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் இதற்குக் கடன் முடக்கம் என்ற வழி இருக்கிறது. உங்கள் கடன் அறிக்கையைப் புதிய கடன் கொடுப்பவர் யாரும் பார்க்க முடியாதபடி நீங்களே அடைத்து வைப்பது. அறிக்கையைப் பார்க்காமல் யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதால் திருடனுக்கும் கடன் கிடைக்காது. ஈக்விஃபாக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு 2018 செப்டம்பரிலிருந்து அங்கே இது இலவசம்.

இந்தியாவில் நமக்குக் கிடைத்திருப்பது வேறு. 2017 ஜனவரியிலிருந்து நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஆண்டு முழுவதும் ஒரு கண் இருக்கும். யாராவது உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது, ஆகவே அங்கே பழைய போன் எண் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தெரியாத கடன் கண்ணில் பட்டால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மதிப்பு உண்டு: 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.